சத்தம் போடாத வரிசை

ஏழாம் வகுப்பு தமிழ் டிவிஷனில் என்னோடு பெஞ்சைப் பகிர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகளே இப்போது ஏழாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். என் முகம் உங்களுக்கு மறந்திருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் டீச்சர் ஊறுகாய் பாட்டிலைக் குலுக்கி, ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்ன அந்த மத்தியானம் மறந்திருக்காது. எத்தனை முறை கழுவியும் அந்த பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை போகவில்லை. எங்கள் சீட்டுகளிலும் அதே வாசனை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பொருள். அந்தப் பொருளுக்கு இங்கிலீஷில் உள்ள பழைய சொல், பட்டிக்காட்டுச் சொல், தெருச் சொல் எல்லாவற்றையும் கோடை லீவுக்குள் சேர்த்து வர வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவரை ஜூன் மாதம் அசெம்பிளியில் மைக் முன்னால் நிறுத்துவதாக டீச்சர் சொன்னார்.

ஒருத்தனுக்கு மழை வந்தது. ஒருத்திக்கு முட்டாள் வந்து, அவள் சாயங்காலம் வரை அழுதாள். எனக்குக் கலவரம் வந்தது.

"கூச்சல், குழப்பம், தள்ளுமுள்ளு எல்லாம் சேர்த்துத்தான்," என்றார் டீச்சர், மலையாளம் கலந்த தமிழில். "நினக்கு எளுப்பம், ஈஸி. ஆரியசாலை அங்காடியில்தானே வீடு? ஜன்னலைத் திறந்தால் போதும்."

வகுப்பு சிரித்தது. எங்கள் வீட்டில் ஜன்னலே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் யாரும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. இதை நான் இன்றும் தலையைக் குனிந்து சொல்வதில்லை. அந்தச் சீட்டை அப்பாவிடம் காட்டியபோது அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

"வேற சீட்டு கேக்கப்படாதா மக்ளே? பூவு, காயி, அப்படி ஏதாச்சும்?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அங்காடியின் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி, இரண்டு வரிசை லைன் வீடுகள் இருந்தன. முன்வரிசையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகளின் குடும்பங்கள். எல்லாரும் மலையாளக்காரர்கள். பின்வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழு குடும்பங்கள். அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். அம்மா மிளகாய் மண்டியில் வத்தல் காம்பு கிள்ளினாள். சாயங்காலம் அவள் சேலையை உதறினால் வீடு முழுக்கத் தும்மும். தும்மலைக்கூட நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் தும்மினோம்.

மிகைப்படுத்தவில்லை. சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டின் ஒரே சட்டம். அம்மிக்கு அடியில் நாலாக மடித்த சாக்கு இருக்கும். குடத்தைத் தரையில் வைக்கும்போது முதலில் விரல், அப்புறம்தான் குடம். தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. விஷுவுக்கு முன்வரிசையில் மாலைப்படக்கம் வெடிக்கும்போது நாங்கள் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்போம். கோயில் திருவிழாக் கடையில் தம்பிக்கு ஒரு தகரக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்தார் அப்பா. அன்று ராத்திரியே அதன் மூடியைக் கத்தியால் நெம்பி, உள்ளே இருந்த சிறு கற்களை எடுத்துவிட்டு மறுபடி மூடினார். தம்பி அதை ஆட்டி ஆட்டிப் பார்ப்பான். பிறகு காதில் வைத்துப் பார்ப்பான். பச்சை வண்ணத்தில் மயில் போட்ட அந்தக் கிலுகிலுப்பை எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்தப் பயம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவர் அவர். ஒருநாள் கடைத்தெருவில் யாரோ தமிழன் என்பதற்காகப் 'பாண்டி' என்று ஏசியதற்குத் திருப்பிக் கத்தியிருக்கிறார். கூட்டம் கூடிவிட்டது. போலீஸ் வந்து இரண்டு தரப்பையும் கூட்டிப் போனது. ஊர்க்காரன் சாயங்காலமே வீட்டுக்குப் போனான். பெரியப்பாவைத் தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் வண்டியேற்றி, இனிமேல் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். "ஒரே ஒரு சத்தம் போட்டான், அவ்வளவுதான்," என்பார் அப்பா. "அந்தச் சத்தத்தோட விலை ஒரு பொழைப்பு."

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் கலவரத்துக்கு வார்த்தை சேர்த்தேன்.

லைப்ரரியின் பெரிய அகராதி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதது. லீவிலும் டீச்சர் விடைத்தாள் திருத்தப் பள்ளிக்கு வருவார். நான் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். மின்விசிறி காகிதங்களைப் படபடக்க வைக்கும். அகராதியில் கரப்பான்பூச்சி மருந்து நாற்றம். உள்ளே எத்தனை வகைச் சத்தம்! ஹல்லபலூ எல்லாருக்கும் தெரியும். ரம்பஸ், ரக்‌ஷன், ஷிண்டி. ஹபிள்ஷோ என்று ஒன்று. ஸ்ட்ரமாஷ் என்று ஒன்று, அது ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. காலிஷாங்கி என்பதும் அவர்களுடையதே, நாய்கள் கட்டிப் புரள்வது மாதிரியான சண்டைக்கு. கார்பாயில் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இப்போது யாரும் சொல்வதில்லை என்று ஒரு குறி போட்டிருந்தார்கள். பாபரி என்று ஒன்று. அது நம் நாட்டில் யாரோ 'அப்பனே' என்று அலறியதைக் கேட்டு வெள்ளைக்காரன் எடுத்துப்போனதாம். அவன் அலறியது எதற்கு என்று அகராதி சொல்லவில்லை.

வீட்டில் இவற்றை வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினேன். உதடு மட்டும் அசையும். அங்காடியில் நடப்பதற்கெல்லாம் பெயர் வைத்தேன். குழாயடியில் முன்வரிசைப் பெண்கள் குடத்துக்குக் குடம் இடித்துக்கொள்வது கெர்ஃபஃபிள். வெல்ல மூட்டை அறுந்து, பொறுக்க எல்லாரும் ஓடுவது ரம்பஸ். கருவாட்டுக் கடை முதலாளி தன் மச்சானோடு போடுவது சந்தேகமில்லாமல் காலிஷாங்கி. எங்கள் வரிசையில் நடந்த எதற்கும் ஒரு வார்த்தையும் செலவாகவில்லை.

அந்தக் கோடையில்தான் சிவப்புப் பெயிண்ட் வந்தது. ஓடையை மூடி அதன் மேல் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். ரோடு ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் ஏணியும் டின்னுமாக வந்து, இரண்டு வரிசையிலும் எல்லாச் சுவரிலும் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் சுவரில் பெயிண்ட் வழிந்து அடிவரை வந்தது. அம்மா அதைத் துடைக்கப் போனாள். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். "சர்க்கார் அடையாளம். தொடாத."

முன்வரிசை அன்று சாயங்காலமே கூடிவிட்டது. சுமட்டுச் சங்கத்தின் கன்வீனர் எங்கள் வாசலுக்கு வந்தார். தோளில் சுருட்டிய தோர்த்துத் துண்டு, குரலைத் தாழ்த்தவே தெரியாத மனிதர்.

"அண்ணாச்சி, திங்கள்கிழமை ஆபீஸ் வாசல்ல நம்ம உபரோதம். ஒருத்தனையும் உள்ளே விடாம வழியடைச்சு உக்காருவோம். பெண்ணுங்க, பிள்ளைங்க எல்லாரும். பின்வரிசையும் வரணும் கேட்டோ."

"நாங்க எதுக்கு..." என்றார் அப்பா.

"எதுக்கா? வேற வீடு தராம இடிக்கக் கூடாதுன்னு சொல்ல. அண்ணாச்சி, இந்த ஊர்ல கூவிப் பஹளம் வச்சாத்தான் ஆபீசர் தலை தூக்கி நோக்கும். வாயைத் திறந்து மிண்டாதே இருந்தா, ஆளே இல்லைன்னு நெனைக்கும்."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

கன்வீனர் போனதும் எங்கள் வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் ஒற்றை அறையில் கூடினார்கள். எல்லாருக்கும் அப்பாதான் மூத்தவர். கிசுகிசு என்று ஒரு கூட்டம். அம்மா மட்டும் கிசுகிசுக்கவில்லை.

"போய் உக்காந்தா என்னங்க? அவங்க எல்லாம் உக்காருதாங்கல்ல?"

"அது அவங்க ஊரு. வெயில்ல உக்காந்துட்டு வீட்டுக்கு வருவான். நம்மள வண்டி ஏத்துவான்."

"இவ பொறந்தது இந்த ஊரு ஆஸ்பத்திரியில. இவளுக்கு எது ஊரு?" அம்மா என்னைக் காட்டினாள்.

அப்பா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம ஹோட்டலுக்கு அந்த ரோடு ஆபீசர் தினமும் வாராரு. என் கையால ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்பிடாம ஆபீசுக்குப் போமாட்டாரு. நான் தனியாச் சொல்லுதேன். நம்ம ஏழு வீட்டுக்கும் சேத்துச் சொல்லுதேன். ஒருத்தரும் அங்க போகாண்டாம். கூட்டத்துல நம்ம மொகத்தப் பாத்தாருன்னா பொறவு கேக்க முடியுமா?"

அடுத்த வீட்டுத் தையல்கார மாமா தலையாட்டினார். "மாஸ்டர் சொல்லுததுதான் சரி." மற்றவர்களும் ஆட்டினார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத அந்த மனிதர்களுக்கு, ஆபீசருக்குத் தோசை சுடுகிறவரைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்?

திங்கள்கிழமை நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் வழியில்தான் அந்த ஆபீஸ். நீங்கள் யாராவது அன்று அந்தப் பக்கம் வந்தீர்களா? முன்வரிசை முழுக்க கேட்டை மறித்து உட்கார்ந்திருந்தது. பெண்கள் அலுமினியப் பாத்திரங்களைக் கரண்டியால் தட்டினார்கள். கைக்குழந்தைகள் அலறின. பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. வெயிலில் தாரும் வியர்வையும் கடலைத் தோலும் சேர்ந்த ஒரு வாசனை. கன்வீனர் ஓர் அடி சொல்ல, எல்லாரும் சேர்ந்து மறு அடி. மாடி ஜன்னல்களில் தலைகள். அத்தனை நாள் உதட்டுக்குள் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் காலும் கையும் முளைத்து ரோட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குப் பட்டது. ஸ்ட்ரமாஷ் என்று நான் முடிவு செய்தேன். பிறகு இல்லை, ஹபிள்ஷோ என்று திருத்தினேன். என் உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது.

மலையாள டிவிஷனில் படித்த முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "ஏடி, இங்கே வா. ஒரு பிடி இடம் இருக்கு. வந்து கூவு."

"அப்பா வேண்டாம்னுட்டார்."

"உன் அச்சன் ஒச்ச இல்லாதெ தோசை திருப்புமோ?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பி மறுபடி தட்ட ஆரம்பித்தாள். கிண்டல்தான். ஆனால் உண்மையில் அப்பா சத்தமில்லாமல்தான் தோசை திருப்புவார்.

அதற்கு மறுநாள் அப்பா என்னைச் சீருடை போடச் சொல்லி ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். லீவில் எதற்குச் சீருடை என்றேன். "பள்ளிக்கூடப் பிள்ளைன்னு தெரியணும்லா. அவரு கேட்டா மட்டும் பேசு."

ஆபீசர் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், நல்ல முகம். நல்ல முகம் என்பதை எழுதத்தான் வேண்டும். அவர் கொடுமைக்காரர் இல்லை. அப்பா கரண்டியை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார்.

"சாரே, இது என் மக. இங்கிலீஷ் படிக்கா."

"அதெயோ? எந்தா மோளே இப்போ படிக்குன்னது?"

சொன்னேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "எங்கே, நாலெண்ணம் பறயு." நான் தொடங்கினேன். வீட்டில் பழகிய அதே குரலில், மேசையில் இருந்த தண்ணீர்கூட அசையாத குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹல்லபலூ. ஹபிள்ஷோ. ஸ்ட்ரமாஷ். காலிஷாங்கி. அவர் தோசையை விட்டுவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுவந்தார். முடித்ததும் உரக்கச் சிரித்து, பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்.

"கேட்டோ, இந்தக் குட்டி ஒரு லஹளக்காரியாணு."

கலகக்காரி. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"இல்ல சாரே," என்றார் அப்பா. "நாங்க அந்தக் கூட்டத்துல இல்ல சாரே. எங்க வரிசையில ஒருத்தரும் வரல. ஏழு வீட்டுலயும் ஒரு ஆளு வரல. நான்தான் போகப்படாதுன்னு சொன்னேன். எங்களுக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல. சார் பாத்து ஒரு எடம்..."

ஆபீசர் அப்போதுதான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நிங்ஙள் ஆரும் வந்நில்ல, அல்லே?"

"ஒருத்தரும் வரல சார்."

"அது நன்னாயி," என்றார். பிறகு, "நோக்காம்."

பார்க்கலாம் என்று அர்த்தம். எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார். மிடுக்கி, கெட்டிக்காரி என்று தலையில் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா லேசாக நடந்தார். அன்று ராத்திரி ஏழு வீட்டுக்கும் போய், "நோக்காம்னு சொல்லிட்டாரு," என்று ஒவ்வொரு வாசலிலும் கிசுகிசுத்தார். தையல்கார மாமா எனக்கு ரோஸ் நிற ரிப்பன் ஒன்று கொடுத்தார். அந்த வீடுகளின் விதியை என் இங்கிலீஷ் மாற்றிவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மே மாதக் கடைசியில் மழைக்கு முன்னாலேயே ஆபீஸ் இறங்கி வந்தது. முன்வரிசைக்கு மட்டும் ஊர்க்கோடியில் கட்டிய மாடிக் குடியிருப்பில் வீடு. பேச்சுவார்த்தை முடிந்து வந்த கன்வீனர் முதலில் தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்தார். அன்றுதான் அவர் குரல் தாழ்ந்து கேட்டேன்.

"அண்ணாச்சி, நான் உங்க ஏழு வீட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். சத்தியம். ஆபீசர் சொல்லுது, பின்வரிசைக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லைன்னு மாஸ்டரே தன்னிட்ட நேர்ல சொல்லியாச்சாம். உங்களுக்கெல்லாம் சொந்த நாட்டுல வீடு இருக்குன்னு அவரு நெனச்சிருக்கு. அதான் யாரும் வரலையாம்."

அப்பா வாசல்படியில் உட்கார்ந்தார். "நோக்காம்னாரே," என்றார். கன்வீனர் தோர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா அடுத்த நாளும் ஆபீசருக்கு நெய் ரோஸ்ட் சுட்டார். கேட்டீர்களா என்று அம்மா கேட்டாள். கேட்டாராம். மேலிடத்தில் முடிந்துவிட்டது, இனி என் கையில் இல்லை என்று ஆபீசர் வருத்தப்பட்டாராம். நிஜமாகவே வருத்தப்பட்டிருப்பார்.

ஏழு வீட்டுக்காரர்களும் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல்கார மாமா எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். யாராவது வந்து சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், ஏசியிருந்தால், அப்பா இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருப்பாரோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவர் பழக்கிய மௌனத்தை அவர்கள் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் படித்தேன். விடாமல் படித்தேன். பரீட்சை எழுதி, இதே ஊரில் ஓர் ஆபீசில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என் நாற்காலியை நானே சம்பாதித்தேன், யாரும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் இங்கே நான் தினமும் பார்ப்பது ஒன்றுதான். கதவைத் தள்ளிக்கொண்டு கூட்டமாக வந்து மேசையைத் தட்டுகிறவர்களின் ஃபைல் நகர்கிறது. கதவோரம் கையைக் கட்டி நிற்கிறவர்களுடையது அங்கேயே இருக்கிறது. அவர்களுக்காக நான் எழுந்து போய்ப் பேசிப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி தலையாட்டுவார். மறுநாளும் அவர்கள் அதே கதவோரம் நிற்பார்கள். படித்தால் இது மாறும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள்.

ஜூன் அசெம்பிளியில் மைக் முன்னால் யார் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் வேறு பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

வீடுகளை இடித்த காலையில் மேகம் போட்டிருந்தது. முன்வரிசை முந்தின நாளே லாரியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டது. மண்வெட்டும் இயந்திரம் ஓடைக்கரையில் காத்திருந்தது. டிரைவர் பீடி பற்றவைத்து, "மெதுவா எடுங்க, மழை வர நேரம் இருக்கு," என்றான். நாங்கள் எடுத்தோம். கட்டில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, அடுப்பு, பாய். பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க அம்மா நடுவில் துணி வைத்துக் கட்டினாள். ஏழு குடும்பமும் ரோட்டோரம் சாமானோடு நின்றோம். ஒருவரும் அழவில்லை. தம்பிகூட அழவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் காலை ஊன்றினார். கடைத்தெருவில் எங்கோ பார்த்த முகம். அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஷிஃப்டிங் ஆணோ?"

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "ஷிஃப்டிங்."

"எங்கோட்டா?"

அப்பா கையை உயர்த்தி ரோட்டின் அந்தக் கோடியைக் காட்டினார். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. அந்த மனிதர் அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, மணியடித்துக்கொண்டு போனார்.